ரட்லண்ட் என்றே எழுதுங்கள்

2025 மே 22, வியாழன்: ஓக்கம்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அவன் வேலைக்குப் போய்விட்டால் நானும் வீட்டுக்காரரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் நாலு நாள் எங்கயாவது போயிட்டு வாங்க" என்று அவனே ஓர் அறையைப் பதிவு செய்து, ரயிலும் ஏற்றிவிட்டான். ஊர் ஓக்கம், ரட்லண்ட் கவுன்டி. கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. லெஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்.

அவர் வர ஒப்புக்கொண்டது பறவைக்காக. ரட்லண்டில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது, அங்கே விரால் அடிப்பான் கூடு கட்டியிருக்கிறது என்று எங்கேயோ படித்திருந்தார். எனக்கு அந்தக் கவுன்டியின் பெயரே புதிது. ஆனால் நான் 29 வருடம் நகராட்சியில் வரிப் பிரிவில் இருந்தவள். எந்த ஊருக்குப் போனாலும் சாக்கடை எப்படிப் போகிறது, குப்பையை யார் எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் கண் போகும். இந்த நான்கு நாளில் அதற்கு நிறையத் தீனி கிடைத்தது.

நாங்கள் தங்கியது ஒரு வீட்டின் மாடி அறை. காலை உணவோடு ஓர் இரவுக்கு 95 பவுண்டு. வீட்டம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மகன் அச்சடித்துக் கொடுத்த பதிவுத் தாளை நீட்டினேன். முகவரியில் ஓக்கம், லெஸ்டர்ஷர் என்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேசையிலிருந்து பேனாவை எடுத்து லெஸ்டர்ஷரை ஒரே கோட்டில் அடித்தார். மேலே ரட்லண்ட் என்று எழுதித் திருப்பித் தந்தார். "மன்னிக்க வேண்டும், பழக்கம் விடவில்லை" என்றார். கோபமெல்லாம் இல்லை. கோலத்தில் ஒரு புள்ளி தவறியிருந்தால் திருத்துவோமே, அந்த மாதிரி.

தேநீர் கொடுத்துவிட்டு அவரே விளக்கினார். ரட்லண்ட் பல நூற்றாண்டுகளாகத் தனிக் கவுன்டி. 1974 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்து முழுக்க உள்ளாட்சிகளை மாற்றி அமைத்தபோது இதைப் பக்கத்துக் கவுன்டியான லெஸ்டர்ஷரோடு சேர்த்து, அதற்குக் கீழே ஒரு டிஸ்ட்ரிக்ட், அதாவது கவுன்டிக்கு உட்பட்ட சிறு பிரிவு, ஆக்கிவிட்டார்கள். 1960களிலும் சேர்க்கப் பார்த்தார்கள், அப்போது இவர்கள் போராடித் தப்பினார்கள். இரண்டாம் தடவை தப்ப முடியவில்லை. அவருடைய அம்மா கடைசிவரை ஒரு கடிதத்தில்கூட லெஸ்டர்ஷர் என்று எழுதவில்லையாம். 23 வருடம் கழித்து, 1997 ஏப்ரல் 1 அன்று, கவுன்டி திரும்பி வந்தது. "அம்மா அதைப் பார்க்கவில்லை" என்றார்.

சாயங்காலம் ஓக்கம் கோட்டைக்குப் போனோம். கோட்டை என்று பெயர், எஞ்சியிருப்பது மண்மேடுகளும் ஒரே ஒரு கூடமும்தான். 1180களில் கட்ட ஆரம்பித்தது. நுழைவுக் கட்டணம் இல்லை, கவுன்டி கவுன்சிலே பராமரிக்கிறது. உள்ளே போனால் சுவர் முழுக்கக் குதிரை லாடங்கள். இருநூறுக்கு மேல் இருக்கின்றன. சில என் உயரத்துக்கு வருகின்றன. தலையில் கிரீடம் வைத்து, தங்க நிறம் பூசி, கொடுத்தவர் பெயரும் எழுதியிருக்கிறார்கள். அரச குடும்பத்தினரோ பிரபுக்களோ முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தால் ஒரு லாடம் தர வேண்டும் என்பது வழக்கம். இருப்பதில் பழையது நான்காம் எட்வர்ட் மன்னர் கொடுத்தது, 1470 வாக்கில். ஐந்நூறு வருடத்துக்கு மேலாக விடாமல் வசூலாகிவரும் வரி! வரிப் பிரிவில் இருந்தவளுக்கு இதைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது. லாடங்களை எல்லாம் முனை கீழே பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் முனை மேலே இருந்தால்தான் அதிர்ஷ்டமாம். இங்கே அப்படி வைத்தால் குழிவில் சாத்தான் உட்கார்ந்துகொள்வான் என்று சொல்கிறார்கள்.

சந்தைத் திடலில் எண்கோணக் கூரை போட்ட பழைய மண்டபம் ஒன்று. அடியில் குற்றவாளிகளின் காலை மாட்டும் மரக்கட்டை. அதில் ஐந்து ஓட்டைகள். ஏன் ஐந்து என்று இவர் மூன்று பேரைக் கேட்டார், மூன்று விதமான பதில் வந்தது.

மே 23, வெள்ளி: அப்பிங்கம்

காலையில் அவித்த முட்டை, ரொட்டி, வேகவைத்த பீன்ஸ், வதக்கிய காளான். இவர் கேட்காமலே இன்னொரு தட்டு ரொட்டி வந்தது.

ரட்லண்டில் ஊர் என்று சொல்லக்கூடியவை இரண்டுதான், ஓக்கமும் அப்பிங்கமும். மற்றதெல்லாம் கிராமம். மொத்தக் கவுன்டியும் 382 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 41,000 சொச்சம். அப்பிங்கத்தில் வெள்ளிக்கிழமை சந்தை என்று வீட்டம்மா சொன்னதால் பேருந்து ஏறினோம். ஆளுக்கு 3 பவுண்டு. இருபது நிமிடம் ஏற்ற இறக்கமாகப் பச்சை வயல், நடுவே ஆடுகள். வீடுகளெல்லாம் துருவேறிய தேன் நிறத்தில் இருந்தன. மேற்குப் பக்கம் இரும்புச் சத்துள்ள கல், கிழக்கே போகப் போக வெளிர் சுண்ணாம்புக் கல். கிழக்கே கெட்டன் என்ற கிராமத்துக் கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கேம்பிரிட்ஜ் கல்லூரிகளைக் கட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

சந்தை சிறியது. காய்கறி, மீன், பூச்செடி, ஒரு பாலாடைக்கட்டிக் கடை. அதில் நீலப் பூஞ்சை ஓடிய ஸ்டில்டன் துண்டு ஒன்றைக் கத்தி முனையில் நீட்டினார் கடைக்காரர். முதலில் வாடை தூக்கியடித்தது. அப்புறம் நாக்கில் உப்பும் வெண்ணெயுமாகக் கரைந்தது. "இது ரட்லண்டில் செய்ததா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஸ்டில்டன் என்ற பெயரைப் போட வேண்டுமானால் டெர்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்கம்ஷர் என்ற மூன்று கவுன்டிக்குள் செய்திருக்க வேண்டும். அது சட்டம். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இதே பாலில் இதே பக்குவத்தில் செய்தாலும் அந்தப் பெயர் கிடையாது. ஒரு கவுன்டியின் எல்லை பாலாடைக்கட்டிவரை வரும் என்று நான் நினைத்ததில்லை. 4 பவுண்டுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன்.

தெருவின் ஒரு பக்கம் முழுக்க அப்பிங்கம் பள்ளிக்கூடம். 1584இல் தொடங்கியது. ஓக்கத்துப் பள்ளியையும் அதே வருடம் அதே மனிதர், ராபர்ட் ஜான்சன் என்ற பாதிரியார், தொடங்கியிருக்கிறார். இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு புத்தகக்கடையில் கேட்ட கதைதான் எனக்கு இன்றைய நாளின் பெரிய விஷயம்.

1875இல் ஊரில் டைபாய்டு வந்தது. சாக்கடை சரியில்லை, கிணற்றுத் தண்ணீரில் கலந்துவிட்டது. சில மாணவர்கள் இறந்தார்கள். தலைமை ஆசிரியர் எட்வர்ட் திரிங் வடிகாலைச் சரிசெய்யச் சொல்லி உள்ளூர்ச் சுகாதார அமைப்பிடம் மன்றாடினார். உறுப்பினர்கள் வரி கூடும் என்று தயங்கினார்கள், வேலை இழுத்துக்கொண்டே போனது. காய்ச்சல் திரும்பவும் வந்தது. 1876 வசந்தத்தில் திரிங் மொத்தப் பள்ளியையும், முந்நூறு பையன்களையும் ஆசிரியர்களையும், வேல்ஸ் கடற்கரையில் போர்த் என்ற கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேதான் பாடம். இங்கே பள்ளியை நம்பியிருந்த கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. அதன் பிறகுதான் குழாய்த் தண்ணீரும் வடிகாலும் நகர்ந்தன. 1877இல் பையன்கள் திரும்பி வந்தபோது ஊரே வரவேற்றதாம்.

வடிகாலுக்காக இருக்கையில் உட்கார்ந்தவர்கள் கையெழுத்துப் போடாமல் தள்ளிப்போடுவதையும், அதற்குள் ஒரு தெருவே காய்ச்சலில் படுப்பதையும் நானும் பார்த்திருக்கிறேன். கடையில் நின்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. போக முடிந்தவர் போனார். போக முடியாத ஊர்க்காரக் குழந்தைகள் அந்த ஒரு வருடம் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்றுதான் திரும்பி வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையில் பேருந்தைத் தவற விட்டோம். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. நிறுத்தத்தில் நின்ற எங்களைப் பார்த்து, நாய்க்குட்டியோடு காரில் வந்த ஓர் அம்மாள் நிறுத்தினார். "ஓக்கம்தானே, ஏறுங்கள். அவசரம் இல்லையென்றால் ஒன்று காட்டுகிறேன்" என்று எதிர்ப்பக்கம் திருப்பினார். சீட்டன் கிராமத்துக்குக் கீழே, வெல்லண்ட் ஆற்றுச் சமவெளி. அதன் குறுக்கே செங்கல்லால் ஒரு ரயில் பாலம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 82 வளைவுகள். 1878இல் முடிந்தது. அந்தச் சின்ன ஆறுதான் எல்லை. பாலத்தின் இந்த முனை ரட்லண்ட், அந்த முனை நார்தாம்டன்ஷர். இவர் வளைவுகளை எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டார். ஓக்கத்தில் இறங்கும்போது பெட்ரோலுக்குப் பணம் நீட்டினோம். அந்த அம்மாள் வாங்கவில்லை, நாய்க்குட்டியைத் தடவிக்கொடுக்கச் சொன்னார்.

மே 24, சனி: தண்ணீர்

மார்ச்சிலிருந்து மழையே இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டாக்சியில் ஏறியதும் பிடித்துக்கொண்டது. குடையைக் காற்று திருப்பிவிட்டது. இவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

லிண்டன் என்ற இடத்தில் பறவை பார்க்கும் மையம். கரையோரம் மரக் குடிலுக்குள் தன்னார்வலர்கள் தொலைநோக்கியோடு நிற்கிறார்கள். விரிகுடாவின் நடுவே கம்பத்தின் உச்சியில் கூடு. ஒரு பெரியவர் தொலைநோக்கியின் உயரத்தை எனக்காக இறக்கி வைத்தார். வெள்ளைத் தலை, கண் வழியாகப் பழுப்புக் கோடு, நனைந்த இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தது தாய். அரை மணி நேரம் அசையவில்லை. அப்புறம் ஆண் பறவை காலில் மீனோடு வந்து இறங்கியது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தப் பகுதியில் நூற்றைம்பது வருடமாக விரால் அடிப்பான் குஞ்சு பொரித்ததே இல்லை. 1996இலிருந்து ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே வளர்த்துப் பறக்கவிட்டார்கள். அவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், வளர்ந்து, திரும்பி வர வேண்டும். 2001இல் முதல் குஞ்சு. நம் ஊர் ஏரிகளிலும் குளிர்காலத்தில் இந்தப் பறவை வரும் என்று இவர் அந்தப் பெரியவரிடம் சொன்னார். தமிழில் என்ன பெயர் என்று பெரியவர் கேட்டார். விரால் என்றால் மீன், அடிப்பவன் என்றால் இது என்று இவர் விளக்கியதும் பெரியவர் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

எல்லா இடத்திலும் தெரிவது இந்தத் தண்ணீர்தான். கவுன்டியின் பரப்பில் சுமார் நூற்றில் மூன்று பங்கு. பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். குவாஷ் என்ற சிற்றோடையின் பள்ளத்தாக்கை அணைகட்டி மறித்தார்கள். ஓடை போதாது, வெல்லண்ட், நென் ஆறுகளிலிருந்து தண்ணீரை இறைத்து நிரப்புகிறார்கள். பீட்டர்பரோ, நார்தாம்டன் என்று வெளி ஊர்கள்தான் பெரும்பாலும் குடிக்கின்றன. கீழ் ஹாம்பிள்டன் கிராமம் தண்ணீருக்கடியில் போய்விட்டது, மேல் ஹாம்பிள்டன் இப்போது மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த மேட்டில் நிற்கிறது.

கட்டும்போது இதன் பெயர் எம்பிங்கம் நீர்த்தேக்கம். 1976இல் திறக்கும்போது ரட்லண்ட் வாட்டர். கவுன்டி வரைபடத்திலிருந்து போய் அப்போது இரண்டு வருடம். வரைபடத்தில் ரட்லண்ட் என்ற சொல்லை மறுபடி எழுத இந்தத் தண்ணீராவது கிடைத்ததே என்று இருந்தது எனக்கு.

மதியத்துக்கு மேல் நார்மன்டன் தேவாலயம் போனோம். நீர்மட்டம் தரைக்கு மேலே வரும் என்பதால் இடிக்க இருந்தார்கள். மக்கள் விடவில்லை. கட்டடத்தின் கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பி, அதன் மேல் புதுத் தளம் போட்டு, சுற்றிக் கல்லணை கட்டிக் காப்பாற்றினார்கள். இப்போது மேல்பாதி மட்டும் தண்ணீரில் நிற்கிறது, இடுப்பளவு நீரில் இறங்கிய யானை போல. மழையில் அலை கல்லணையில் மோதியது. என் செருப்பு அறுந்தது அங்கேதான். கல்யாணத்துக்காக அலங்காரம் செய்துகொண்டிருந்த ஒரு பெண், நாற்காலிக்குக் கட்டும் நாடாவை வெட்டி என் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். வெள்ளைப் பட்டு நாடா. தேநீரும் ஸ்கோனும் இருவருக்கும் 15 பவுண்டு. மகனிடம் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு: வரி ரசீது

மழை விட்டுவிட்டது. காலை உணவுக்குப் பிறகு நான் தயங்கித் தயங்கி வீட்டம்மாவிடம் கேட்டேன்: உங்கள் வீட்டு வரி ரசீதைப் பார்க்கலாமா? அவர் கணவர் கிராமப்புறத்தில் பாரிஷ் கவுன்சில் (நம் ஊராட்சி மாதிரி) உறுப்பினராக இருந்தவர். சந்தோஷமாக எடுத்து வந்தார். மேசையில் விரித்து வைத்து ஒரு மணி நேரம் பேசினோம்.

இங்கே கவுன்சில் வரி வீட்டின் மதிப்பை வைத்து. அதுவும் இன்றைய மதிப்பு அல்ல, 1991 ஏப்ரலில் என்ன விலை போயிருக்குமோ அது. ஏ முதல் எச் வரை எட்டுப் படி. ரசீதில் பெரிய தொகை கவுன்டி கவுன்சிலுக்கு. கீழே காவல், தீயணைப்பு, கடைசியில் ஊர்க் கவுன்சிலுக்குச் சின்னத் தொகை. காவலும் தீயணைப்பும் லெஸ்டர்ஷரோடு சேர்ந்துதான், அதற்குத் தனியாக வைத்துக்கொள்ள இவர்களால் முடியாது. பக்கத்து லெஸ்டர்ஷரில் கவுன்டிக்குக் கீழே ஏழு டிஸ்ட்ரிக்ட்கள். அங்கே குப்பையை அள்ளுவது டிஸ்ட்ரிக்ட், அள்ளிய குப்பையை ஒழிப்பது கவுன்டி. சாலை கவுன்டி, வீடு கட்ட அனுமதி டிஸ்ட்ரிக்ட். ரட்லண்டில் இரண்டையும் ஒரே கவுன்சில் செய்கிறது, 27 உறுப்பினர்கள். சட்டக் கணக்கில் அது கவுன்டிக்குரிய வேலையையும் செய்யும் ஒரு டிஸ்ட்ரிக்ட். அதனால் 1997இல் வைத்த முறைப்படியான பெயர் ரட்லண்ட் கவுன்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். வீட்டம்மாவின் கணவரான அந்தப் பெரியவர் அதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

செலவும் இருக்கிறது. இங்கிலாந்திலேயே மிக அதிகமாகக் கவுன்சில் வரி கட்டும் இடங்களில் ரட்லண்டும் ஒன்று. நாற்பதாயிரம் பேர் சேர்ந்து பள்ளி, முதியோர் பராமரிப்பு, நூலகம், சாலை எல்லாவற்றையும் தாங்க வேண்டும். கூட்டல் போட்டுப் பார்த்தேன், எனக்கே கனமாக இருந்தது. "சேர்ந்தால் குறையும் என்கிறார்கள்" என்றேன். வீட்டம்மா ரசீதை மடித்தார். "1974இலும் அதைத்தான் சொன்னார்கள்."

இப்போது மறுபடியும் அந்தப் பேச்சு வந்திருக்கிறது. இரண்டடுக்கு உள்ளாட்சிகளை ஒரே அடுக்காக்க அரசாங்கம் முடிவு செய்து, 2025 பிப்ரவரியில் லெஸ்டர்ஷர், ரட்லண்ட் கவுன்சில்களிடம் திட்டம் கேட்டிருக்கிறது. ஒரு கவுன்சிலுக்கு ஐந்து லட்சம் பேராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இங்கே 41,000. லெஸ்டர்ஷரோடு சேர்வதா, கிழக்கே ஸ்டாம்ஃபோர்டு வழியாக லிங்கன்ஷர் பக்கம் போவதா என்று பேசிக்கொள்கிறார்கள். நாடாளுமன்றத் தொகுதி ஏற்கெனவே ஸ்டாம்ஃபோர்டோடுதான். கவுன்சில் போனாலும் அரச பிரதிநிதி இருக்கும் சடங்குக் கவுன்டியாகப் பெயர் நிற்கும் என்று பெரியவர் சமாதானம் சொன்னார். வீட்டம்மா பதில் சொல்லவில்லை.

எனக்கு இதில் ஒரு பக்கம் நிற்கத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். சின்ன இடத்தில் குழாய் உடைந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். அந்த உறுப்பினரைச் சனிக்கிழமை சந்தையில் பார்த்துவிடலாம். வேலை பார்த்த காலத்தில் எங்கள் நகராட்சியில் அதைத்தான் பெரிய பலமாகப் பார்த்தேன். இவர்கள் அதற்குக் கூடுதல் வரி கட்டுகிறார்கள், தெரிந்தே கட்டுகிறார்கள். அவர்களிடம் கேட்காமல் அதை எடுத்துவிடக் கூடாது.

ரயில் நிலையத்துக்கு வந்தால் எங்கள் வண்டி ரத்து. அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். அறிவிப்புப் பலகையைத் தவிர விசாரிக்க ஆள் இல்லை. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மீதி ஸ்டில்டனை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம். இவர் குறிப்பேட்டில் பறவைகளை எழுதினார். நான் கும்பகோணத்தில் இருக்கும் நாத்தனாருக்குக் கோட்டையில் வாங்கிய வாழ்த்து அட்டையில் லாடங்களைப் பற்றி எழுதி உறைக்குள் வைத்து ஒட்டினேன். பெறுநர் முகவரி எழுதியாயிற்று. அனுப்புநர் இடத்தில் மகனின் லெஸ்டர் முகவரியை எழுதப் போனேன்.

"என்ன யோசிக்கிற?" என்றார் இவர்.

வீட்டம்மா திருத்திக் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்தேன். அதைப் பார்த்து, வீட்டு எண், தெரு, ஓக்கம், ரட்லண்ட் என்று எழுதி, நிலையத்துக்கு வெளியே இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.